ஒன்பது புள்ளி

ஆவணி 1, ஞாயிறு

காலை மாத்திரை இரண்டு, இரவு மாத்திரை ஒன்று. போட்டாயிற்று. மத்தியானம் அரைத் தட்டு சோறு, கீரை, மோர்.

இவ்வளவுதான் வடிவு தினமும் சொல்லச் சொன்னது. பெங்களூரிலிருந்து போன வாரம் வந்திருந்த என் மகள் இந்தப் போனில் ஒரு ஏற்பாடு செய்துவிட்டுப் போனாள். பொத்தானைத் தொட்டுப் பேசினால் போனே எழுதிக்கொள்ளும், அவள் அங்கே படித்துக்கொள்வாள். ஆனால் நான் பேசுகிற பேச்சு இதற்கு விளங்கவில்லை. சோதித்துப் பார்த்த அன்றைக்குத் தவசி வந்தான் என்று சொன்னேன், தவளை வந்தது என்று எழுதிவிட்டதாம். அதனால் ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் மாதிரிப் பேசுகிறேன். ஐம்பது வருஷம் மாநிலச் செய்தி கேட்ட ஆளுக்கு அது பெரிய காரியமில்லை. ஆட்கள் பேசினதை மட்டும் பேசினபடியே சொல்வேன், போன் தப்பாக எழுதினால் வடிவு சரிசெய்து படித்துக்கொள்ளட்டும்.

எழுதியது சரியா தப்பா என்று பார்க்க எனக்குத் தெரியாது. எழுபத்தொரு வயதில் எனக்குத் தெரிந்த எழுத்து என் கையெழுத்து ஒன்றுதான். கொம்பையா. அதையும் கோலம் போடுகிற மாதிரித்தான் போடுவேன். இது வடிவுக்குத் தெரியும். என் கூட்டாளிகளுக்குத் தெரியாது.

சாயங்காலம் தவசிமுத்து வந்தான். மில்லில் என்னோடு முப்பத்தோரு வருஷம் பஞ்சு அள்ளியவன், சங்கத்துச் செயலாளர்.

“ஏல கொம்பையா, ஆவுடை புது வீட்டுல சாயம் அடிக்க வந்தவனுவ ஓடிட்டானுவ. மண்டபத்து வேல கெடச்சதும் வாளியத் தூக்கிட்டுப் போயிட்டானுவ. பன்னெண்டாந் தேதி பால் காய்ச்சு. கதவெல்லாம் அம்மணமா நிக்கி. நாம போயி அடிச்சுக் குடுத்துருவோமாவே?”

“என்னயும் வரச் சொன்னாளா?”

“ஆளு வேணும்னா. பேரு சொல்லல.”

வருகிறேன் என்றேன். ஆவுடையம்மாளும் எங்கள் மில்தான், நூல் சுற்றுகிற பக்கம். நாற்பத்து மூன்று வருஷமாக அவள் என் முகம் பார்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. பால் காய்ச்சுவதற்குள் பேச வைத்துவிட வேண்டும். அதற்காகத்தான் போகிறேன், வேறொன்றுமில்லை. பஸ் ஏழரைக்கு.

ஆவணி 2, திங்கள்

மாத்திரை ஆயிற்று.

சின்ன வீடுதான். ஐந்து கதவு, எட்டு ஜன்னல், சமையல்கட்டில் சுவரலமாரிக்கு நான்கு பலகை. வாடகை வீடு பதினொன்று மாறி, புருஷன் போய், மகளைத் திருச்சூரில் கட்டிக்கொடுத்து, அறுபத்தேழு வயதில் அவள் கட்டின வீடு. நிலை தேக்கு, கதவு வேங்கை, ஜன்னலெல்லாம் வேம்பு. ஒவ்வொன்றும் ஒரு நிறம். எல்லாவற்றையும் ஒரே நிறத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

வேலைக்குத் தலைவன் செபத்தியான். மில்லின் தச்சுக் கொட்டகையில் இருந்தவன். முதலில் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும், மரத்தின் ரேகை போகிற பக்கமே. குறுக்கே ஒரு இழுப்பு இழுத்தாலும் சாயம் ஏறியபிறகு அந்தக் கோடு பல்லை இளித்துக்கொண்டு நிற்கும். பிறகு பிரஷால் சாயம் கொடுத்து, மரம் குடித்தது போக மிச்சத்தைப் பஞ்சால் ஒற்றி எடுக்க வேண்டும். கடைசியில் வார்னிஷ். பஞ்சை வெள்ளைத் துணியில் பொதிந்து பந்து கட்டுகிற வேலையை என்னிடம் கொடுத்தார்கள். பஞ்சு என் கைக்குப் பழகினது. பத்துப் பந்து கட்டினேன், பத்தும் ஒரே எடை.

பதினொரு மணிக்கு ஆவுடை காப்பி கொண்டுவந்தாள். நான் இரண்டு முழம் தள்ளி நிற்கிறேன். அவள் தவசியைப் பார்த்துச் சொல்கிறாள்.

“தவசி, அவுக தம்ளர்ல சீனி போடல. சொல்லிருங்க.”

எனக்குச் சர்க்கரை என்று அவளுக்கு யார் சொன்னது? தவசியைக் கேட்டேன். சத்தியமாக நானில்லைவே என்றான். செபத்தியானும் இல்லை. ஊரில் நாலு பேர் பேசியிருப்பார்கள்.

ஆவணி 3, செவ்வாய்

மாத்திரை ஆயிற்று. தோள் வலி. வேறொன்றும் இல்லை.

ஆவணி 4, புதன்

இன்றைக்கு ஒரு கோளாறு நடந்துவிட்டது.

சாயம் இரண்டு டின். ஒன்று தேக்கு நிறம், இன்னொன்று கறுப்போடிய வால்நட். வால்நட் கதவுகளின் அடி ஓரங்களுக்கு மட்டும். இரண்டும் ஒரே உயரம், ஒரே மூடி. டின் மேல் எழுதியிருக்கிறது. செபத்தியான் வெளியில் மணல் மேட்டில் நின்றபடி, “தேக்கு டின்ன எடுத்து முன் ஜன்னலத் தொடங்குவே” என்றான். நேற்று அது வலது பக்கம் இருந்தது. எனக்கு வைத்த இடம் மறக்காது. ஆனால் காலையில் யாரோ தரையைக் கூட்டும்போது மாற்றி வைத்திருக்கிறார்கள்.

பாதி ஜன்னல் முடிந்த பிறகுதான் வெளிச்சத்தில் பார்த்தேன். கரி பூசின மாதிரி இருந்தது.

“ஏல! கண்ணு அவிஞ்சா போச்சு? இம்புட்டுப் பெரிசா எழுதிருக்கு, படிக்க மாட்டியா?” என்று செபத்தியான் கத்தினான்.

“கண்ணாடி கொண்டாரல.”

“நீ என்னைக்குவே கண்ணாடி போட்ட?”

தவசிக்குச் சிரிப்பு. “மில்லுல பேப்பர் படிச்சுப் படிச்சே கண்ணு தேஞ்சு போச்சு அவனுக்கு.”

ஆவுடை வாசற்படியில் நின்றிருந்தாள். ஜன்னலைப் பார்க்கவில்லை. டின்னைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள். புது வீட்டு முகத்தில் கரி பூசியவனோடு எவள் பேசுவாள். இரண்டு மணி நேரம் தேய்த்து எடுத்தேன்.

ஆவணி 5, வியாழன்

இன்றைக்குத் தேக்கு டின்னின் கைப்பிடியில் சிவப்பு நூல் ஒரு இழை கட்டியிருந்தது. வால்நட் டின்னில் வெள்ளை நூல். செபத்தியான் விவரமானவன்.

வடிவு, நீ இன்றைக்கு இதற்கு மேல் படிக்க வேண்டாம். மாத்திரை போட்டுவிட்டேன்.

நாற்பத்து மூன்று வருஷத்துக்கு முன், வைகாசி மாதம், இரண்டாவது ஷிப்ட். கழிவுப் பஞ்சுக் கூடையை ஆவுடை என் பக்கம் தள்ளிவிட்டுப் போனாள். போகும்போது கூடையின் ஓரத்தை விரலால் இரண்டு தட்டுத் தட்டினாள். பஞ்சுக்குள் கைவிட்டால் ஒரு சீட்டு, நாலாக மடித்தது. ஊதா மை. மேலே ஐந்து கொத்து எழுத்து, கீழே இரண்டு கொத்து. பேனா கசிந்திருக்க வேண்டும், எழுத்து மேலெல்லாம் அங்கங்கே பொட்டுப் பொட்டாக மை தெறித்திருந்தது.

அவள் ஏன் எனக்கு எழுதினாள் என்றால் தப்பு என்னுடையது. அந்தக் காலத்தில் நான் தினமும் ஒரு பேப்பர் வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டுதான் மில்லுக்குப் போவேன். காலை ரேடியோவில் கேட்டதையெல்லாம் டீக்கடையில் பேப்பரை விரித்துவைத்துக்கொண்டு சொல்வேன். எல்லோரும் நான் படித்துச் சொல்கிறேன் என்று நினைத்தார்கள். நினைக்கட்டும் என்று விட்டேன்.

சீட்டை யாரிடம் கொடுத்துப் படிப்பது? கொடுத்தால் அவள் பேர் நாறிப்போகும். கக்கூஸில் நின்று ஒரு மணி நேரம் அதையே பார்த்தேன். முதல் எழுத்து, முக்காட்டை இழுத்துவிட்டுக் குந்தியிருக்கிற பொம்பளை மாதிரி. அப்புறம் ஒரு துணைக்கால். அப்புறம் சுழியும் கொக்கியுமாக ஒன்று. கடைசி எழுத்து வரைக்கும் மனசில் ஏறிவிட்டது. பிறகு சீட்டை வாயில் போட்டு முழுங்கிவிட்டேன். அவளாக வந்து வாயால் சொல்லுவாள் என்று இருந்தேன். ஒரு மாதம் கழித்து அவள் கூடையைத் தள்ளுகிறதை விட்டுவிட்டாள். அடுத்த தையில் அவளுக்குக் கல்யாணம். அதற்கடுத்த வருஷம் எனக்கு.

உன் அம்மா இருந்த வீட்டில் வைத்து அதை நான் யாரிடமும் வரைந்து காட்டவில்லை. காட்டுவது மரியாதை இல்லை. அவள் போன எட்டு வருஷமாகவும் காட்டவில்லை. எழுதினவள் இருக்கிறாள். அவள்தான் சொல்ல வேண்டும்.

ஆவணி 6, வெள்ளி

மழை. சாயம் காயவில்லை. வீட்டில் இருந்தேன். மாத்திரை ஆயிற்று. மில்லில் போட்டுக்கொண்டிருந்த கையெழுத்தை இரண்டு தடவை சாக்பீஸால் தரையில் போட்டுப் பார்த்தேன், கை நடுங்குகிறதா என்று. நடுங்கவில்லை.

ஆவணி 7, சனி

பிரஷில் முடி கொட்டுகிறதா என்று பார்ப்பதற்காக அலமாரிப் பலகை ஒன்றின் அடிப்பக்கத்தில் கொஞ்சம் இழுத்துப் பார்த்தேன். அடிப்பக்கம் யாருக்கும் தெரியப்போவதில்லை. மேலே ஐந்து கொத்து, கீழே இரண்டு கொத்து வந்தது. துடைத்துவிடலாம் என்று நினைப்பதற்குள் மரம் குடித்துவிட்டது. தின்னர் டின் பக்கத்தில்தான் இருந்தது. எடுக்கவில்லை.

பிரஷில் முடி கொட்டவில்லை.

ஆவணி 8, ஞாயிறு

செபத்தியான் இன்றைக்குச் சமையல்கட்டுப் பலகைகளைப் பொருத்திவிட்டான். நான் வாசல் நிலைக்கு வார்னிஷ் கொடுத்துக்கொண்டிருந்தேன். உள்ளே போய்ப் பார்த்தபோது என் பலகை எல்லாவற்றுக்கும் மேலே, தலைக்கு ஒரு முழம் உயரத்தில் இருக்கிறது. அடுப்படியில் நிற்கிறவள் அண்ணாந்தால் அதன் அடிப்பக்கம்தான் கண்ணில் படும். ஒரு நாளும் சமைக்காத ஆண்பிள்ளை, அடிப்பக்கம் யாருக்கும் தெரியாது என்று நினைத்தால் இப்படித்தான் ஆகும்.

“இந்தப் பலகைய மாத்தி வையேம்வே.”

“ஆணி அடிச்சாச்சு. எதுக்கு?”

“சும்மாதான்.”

“சும்மா இருக்கவன் சும்மா இரு.”

நல்லவேளை, அந்த மூலை இருட்டு. அவனும் அண்ணாந்து பார்க்கவில்லை. பல்பு நாளைக்குத்தான் மாட்டுகிறார்கள். மாத்திரை போட்டேன்.

ஆவணி 9, திங்கள்

காலை பத்து மணி. பல்பு மாட்டியாயிற்று. நாங்கள் மூன்று பேரும் நடுக்கூடத்தில் பூஜை அறைக் கதவைக் கிடத்தி ஒற்றிக்கொண்டிருந்தோம். சமையல்கட்டில் பாத்திரம் அலம்புகிற சத்தம் நின்றது. குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வெகுநேரம் ஓடியது.

“தண்ணி வீணாப் போகுது ஆவுடை!” என்று தவசி குரல் கொடுத்தான்.

குழாய் நின்றது. ஆவுடை ஈரக்கையோடு வந்தாள். தவசியைத் தாண்டி, செபத்தியானைத் தாண்டி, என் முன்னால் வந்து நின்றாள்.

“புள்ளி எங்க?” என்றாள்.

நாற்பத்து மூன்று வருஷத்தில் முதல் வார்த்தை அது. எனக்கு விளங்கவில்லை.

“எந்தப் புள்ளி?”

“ஒம்பது புள்ளி வச்சு எழுதுனேன். ஒண்ணக்கூடக் காணும்.”

“பேனா கசிஞ்சிருக்குன்னு நெனச்சேன்.”

கூட்டாளிகள் இருவரும் வாயைப் பிளந்துகொண்டு என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்க்கிறார்கள். இதற்கு மேல் மறைக்க என்ன இருக்கிறது?

“எனக்கு எழுத்து தெரியாது ஆவுடை. அன்னைக்கும் தெரியாது, இன்னைக்கும் தெரியாது. பாத்தது மனசுல நிக்கும். அவ்வளவுதான்.”

தவசி கையிலிருந்த பந்து சாய வாளிக்குள் விழுந்தது. “ஏல, தெனமும் பேப்பர் வாங்குனியே!”

“கக்கத்துல வச்சா பாக்க நல்லாருந்துச்சு.”

“சீட்டு எங்க?” என்றாள் ஆவுடை.

“முழுங்கிட்டேன்.”

“முழுங்கிட்டீகளா!”

“யார் கையிலயும் கெடச்சிரக் கூடாதுல்லா.”

அவள் அங்கே கிடந்த மரச்சட்டங்கள் மேல் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் கையைத் துடைத்தாள். காய்ந்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

“அதுல என்ன எழுதியிருந்த?” என்று கேட்டேன்.

எழுந்து உள்ளே போய்விட்டாள். தவசி மெல்ல சமையல்கட்டுப் பக்கம் நகர்ந்தான். அவன் வேட்டியைப் பிடித்து இழுத்தேன்.

“போகாத. நீ படிச்சு எனக்குத் தெரிய வேண்டாம்.”

ஆவணி 10, செவ்வாய்

ஆவுடை இன்றைக்கு வரவில்லை. சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, சாமான் வாங்கத் தென்காசிக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். சாமான் நேற்றே வந்து இறங்கியாயிற்று. நான் பார்த்தேன்.

தவசிக்கு என் மேல் கோபம். பஸ்ஸில் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தான். கடைசியில் பொறுக்க முடியாமல் கேட்டான்.

“சங்கத்து நோட்டீஸ் ஒவ்வொண்ணயும் பிழை பாருன்னு ஒன் கையிலதான குடுப்பேன்? நீயும் முழுசாப் பாத்துட்டு, ரெண்டாவது வரியில கொஞ்சம் சூடு பத்தாதுன்னு சொல்லுவியேவே!”

“எல்லா நோட்டீஸ்லயும் ரெண்டாவது வரியில சூடு பத்தாது தவசி. நீ வாசிச்சுக் காட்டும்போதே தெரியும்.”

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

செபத்தியானிடம், “நல்ல வேளை நீ டின்னுல நூல் கட்டி வச்ச” என்றேன்.

“நூலா? நான் கட்டலியே. நீ கட்டுனன்னுல்லா நெனச்சேன்.”

அதை யோசித்துக்கொண்டே வீடு வந்தேன். மில்லில் சிவப்பு நூலை அப்படி ஒற்றை முடிச்சாகப் போடுவது நூல் சுற்றுகிற பக்கத்துப் பொம்பளைகள்தான். மாத்திரை போட மறந்துவிட்டேன். இப்போது போட்டுவிட்டேன்.

ஆவணி 11, புதன்

கடைசி நாள். நாங்கள் போகும்போதே ஆவுடை இருந்தாள். வார்னிஷ் முடித்து, செபத்தியான் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

“ஆவுடை, அந்த மேல் பலகையத் தேய்ச்சு விட்ரவா? நாளைக்கு நாலு பேரு வருவாக.”

நான் பஞ்சைப் பிய்த்துக்கொண்டு நின்றேன். தேய்க்கச் சொன்னால் எல்லாம் முடிந்தது. என்ன எழுதியிருந்தது என்று தெரியாமலே நான் போய்ச் சேர வேண்டியதுதான்.

“தேய்க்க வேண்டாம்” என்றாள். “அவுகளப் புள்ளி வைக்கச் சொல்லுங்க.” பிறகு அவளே தலையை ஆட்டிக்கொண்டாள். “அவுக என்ன அவுக. இங்கனதான நிக்கீக. ஏறுங்க, புள்ளி வைங்க.”

ஸ்டூல் போட்டு ஏறினேன். தவசி ஒரு காலையும் செபத்தியான் ஒரு காலையும் பிடித்துக்கொண்டார்கள். ஆவுடை வாரியலில் இருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவிக்கொண்டு வந்து எழுத்தைத் தொட்டுக் காட்டினாள். முதல் கொத்துக்கு மேல் குச்சி நிற்கவில்லை.

“இதுக்குப் புள்ளி கெடையாது. ஞாயிறு.”

அடுத்த கொத்தில் இரண்டு இடம் தொட்டாள். வைத்தேன்.

“சாயங்காலம்.”

அடுத்ததில் இரண்டு. “படித்துறைக்கு.” அதற்கடுத்ததில் இரண்டு. “அம்மாவும்.” அப்புறம் ஒன்று. “வருவாள்.”

எனக்குப் பிரஷ் பிடித்த கை நின்றுவிட்டது. கீழே இன்னும் இரண்டு கொத்து இருந்தது.

“வைங்க” என்றாள். வைத்தேன். “வந்து.” கடைசிப் புள்ளிக்கு அவள் குச்சியை இறக்கிவிட்டாள். நானே பார்த்து வைத்தேன். இடம் தப்பவில்லை. என் பெயரில் வருகிற எழுத்துத்தான் அது. அந்தப் பொட்டு அழகுக்கு என்றுதான் இத்தனை நாளாக நினைத்திருந்தேன்.

“பேசவும்” என்றாள்.

ஞாயிறு சாயங்காலம் படித்துறைக்கு அம்மாவும் வருவாள். வந்து பேசவும்.

“மூணு ஞாயிறு ஒக்காந்திருந்தோம்” என்றாள் ஆவுடை. “அம்மைக்கு முட்டு வலி. அந்தப் படியில எறங்க மாட்டா. எனக்காவ எறங்குனா. மூணாவது ஞாயிறுதான் சொன்னா, படிச்ச திமிரு புள்ள, விட்டுருன்னு.”

“படிச்ச திமிரா!” என்றான் தவசி. ஸ்டூல் ஆடியது. ஆட்டத்தில் பிரஷிலிருந்து ஒரு சொட்டு என் நெற்றியில் விழுந்தது.

ஆவுடை அண்ணாந்து பார்த்தாள். “பத்தாவது புள்ளி” என்றாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணிலிருந்து வழிந்தது. அப்படியும் சிரிப்பு நிற்கவில்லை.

அது தேய்த்தும் போகவில்லை வடிவு. இன்னும் நெற்றியில் இருக்கிறது.

ஆவணி 12, வியாழன்

காலை ஆறு மணிக்குப் பால் காய்ச்சியாயிற்று. பால் கிழக்குப் பக்கம் பொங்கியது. கதவும் ஜன்னலும் நிலையும் ஒரே மரத்தில் அறுத்தது போல நின்றன. வந்தவர்கள் எல்லோரும் தடவிப் பார்த்தார்கள். முன் ஜன்னல் மட்டும் சாய்ந்த வெயிலில் கொஞ்சம் கறுப்பாகத் தெரிகிறது. பார்க்கிறவர்களுக்குத் தெரியாது.

சமையல்கட்டில் சொந்தக்காரி ஒருத்தி அண்ணாந்து பார்த்து, “இது என்னக்கா எழுதிருக்கு?” என்றாள்.

“மரக்கடையில எழுதிவிட்ருப்பான்” என்றாள் ஆவுடை.

புறப்படும்போது சீனி இல்லாத பாயசம் ஒரு தூக்குச்சட்டியில் கொடுத்தாள். நேராக என் கையில். தவசி செருப்பைத் தேடுகிறவன் மாதிரிக் குனிந்தே நின்றான். செருப்பு அவன் காலில்தான் இருந்தது.

“ஞாயித்துக்கெழம சாயங்காலம் படித்துறைக்குப் போவேன்” என்றாள் ஆவுடை. “அம்மை இல்ல. நான் மட்டுந்தான். காது இருக்குல்லா உங்களுக்கு? அதான் இந்தத் தடவ வாயால சொல்லுதேன்.”

ஆவணி 13, வெள்ளி

வடிவு போன் செய்தாள். எல்லாவற்றையும் படித்திருக்கிறாள். படிக்க வேண்டாம் என்று சொன்னதைத்தான் முதலில் படித்தாளாம். எனக்குப் பயமாக இருந்தது. பிறகு, “வெள்ளச் சட்டையத் தேய்க்கக் குடுத்துரு, அப்பா” என்றாள். “படியில பாத்து எறங்கு, பாசி இருக்கும்.”

ஆவணி 14, சனி

சட்டை தேய்க்கக் கொடுத்தேன். மாத்திரை ஆயிற்று.

ஆவணி 15, ஞாயிறு

காலை மாத்திரை இரண்டும் போட்டாயிற்று. இரவு மாத்திரையைச் சட்டைப் பையில் எடுத்துக்கொண்டேன், வர நேரமாகலாம். பேப்பர் எடுத்துக்கொள்ளவில்லை.